பின்தொடை மறுபடி ஏன் பிடிக்கிறது? ஊவா தோட்டங்களின் இளம் வீரர்களும் தீராத தசைக் காயங்களும்

பதுளை மாவட்டத்தில் ஐப்பசியில் பிடிக்கும் மழை, தை பிறக்கும் வரை முழுதாக விடுவதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று வந்து மோதும் சரிவுகளில்தான் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் பாடசாலை மைதானம் சேறாகிவிடும், பிள்ளைகள் ஓடுவதில்லை. மழை ஓய்ந்ததும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரப் பயிற்சியோடு, இல்லத்தில் வேகமாக ஓடக்கூடிய ஒரு பிள்ளை 100 மீற்றர், 200 மீற்றர், நீளம் பாய்தல், கடைசியில் அஞ்சல் ஓட்டம் என்று ஒரே நாளில் எல்லாவற்றிலும் இறங்குகிறது. மூன்றாவது அல்லது நான்காவது ஓட்டத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி கோட்டுக்கு வெளியே போகிறது.

அந்த முதல் காயத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. எண்ணெய் போட்டு உருவி, ஒரு வாரம் கழித்து வலி போனதும் பிள்ளை ஓடத் தொடங்கிவிடும். வலய மட்டப் போட்டியில் அதே இடம் மறுபடி பிடிக்கும். மாகாண மட்டத்துக்கு முன் மூன்றாவது தடவை. அதன் பிறகு வீட்டிலும் பாடசாலையிலும் ஒரே பேச்சுதான்: "அவனுக்குக் கால் சரியில்ல." அந்தத் தீர்ப்போடு பல பிள்ளைகளின் ஓட்டம் முடிந்துபோகிறது. தீர்ப்புப் பெரும்பாலும் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. தசைக் காயம் திரும்ப வருவதற்கு முக்கியமான காரணம் பிள்ளையின் காலில் இல்லை. முதல் காயத்தை நாம் முடித்துவைக்காததே காரணம்.

வேகமாக ஓடும்போது கால் முன்னே வீசப்படுகிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அந்த வீச்சைத் தடுத்து நிறுத்துவது பின்தொடைத் தசையின் வேலை. தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டிய கணம் அது. ஓட்டத்தில் பின்தொடை கிழிவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். கிழிந்த இடத்தை உடல் முதலில் தழும்புத் திசுவால் அடைக்கிறது. பழைய துணியில் புதுத் துணியை ஒட்டுப் போட்டால் அடுத்த கிழிசல் ஒட்டின் ஓரத்தில்தான் வரும், தசையிலும் அப்படியே. ஓய்வில் கிடந்த தசை மெலிகிறது. அதைவிட முக்கியம், நீண்ட நிலையில் இழுத்துப் பிடிக்கும் பலத்தை அது இழக்கிறது. நடக்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் அந்தப் பலம் தேவைப்படாததால் வலியும் இல்லை, குறையும் தெரிவதில்லை. முழு வேகம் எடுக்கும் நாளில்தான் அது வெளியே வருகிறது. அந்த நாள் அநேகமாகப் போட்டி நாளாக இருக்கிறது.

இது வசதியில்லாத இடத்துச் சிக்கல் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவின் முன்னணி உதைபந்தாட்டக் கழகங்களை, ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமான யூஈஎஃப்ஏயின் ஆய்வு 2001 முதல் 21 பருவங்கள் தொடர்ந்து கணக்கெடுத்தது. முதல் பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த பின்தொடைக் காயம் 2021/22 பருவத்தில் 24 சதவீதமாகியிருந்தது. அந்தக் காயங்களில் 18 சதவீதம் மீண்டும் வந்தவை. அப்படி மீண்டும் வந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், வீரர் களத்துக்குத் திரும்பிய இரண்டு மாதத்துக்குள் வந்தவை. நம் நாட்டிலும் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் உண்டு. கிரிக்கெட் வீரர் வனிந்து ஹசரங்க 2023இல் லங்கா பிரீமியர் லீக்கில் தொடைத் தசைக் காயத்துக்கு ஆளாகி, ஆசியக் கிண்ணத்தையும் அதைத் தொடர்ந்த உலகக் கிண்ணத்தையும் இழந்தார். 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரின் நடுவிலும், 2025 ஜூலையில் பங்களாதேஷுக்கு எதிரான தொடரிலும் பின்தொடைக் காயம் அவரை வெளியேற்றியது. மருத்துவரும் இயன்மருத்துவரும் ஸ்கேன் வசதியும் கூடவே இருக்கிற வீரருக்கே இந்த நிலை என்றால், ஹாலி-எலையிலோ நமுனுகுலையிலோ ஒரு தோட்டப் பாடசாலையில் ஓடுகிற 15 வயதுப் பிள்ளைக்கு நாம் எவ்வளவு கூடுதலாகக் கவனம் எடுக்க வேண்டும்!

அந்த 15 வயதுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் அழுத்தம் கொடுக்கிறேன். வளரும் பிள்ளையில் தசை வந்து எலும்பில் ஒட்டும் இடத்தில் முற்றாத குருத்தெலும்பு உண்டு. அந்த வயதில் தசையையும் தசைநாணையும்விடப் பலவீனமான இடம் அதுதான். பெரியவருக்குத் தசை கிழிகிற அதே இழுப்பில், பிள்ளைக்கு எலும்பின் ஒரு துண்டே பிய்ந்து வரலாம். இத்தாலியில் விளையாட்டில் ஈடுபட்ட வளரிளம் பருவத்தினரின் இடுப்பெலும்பில் நேர்ந்த இத்தகைய 203 முறிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 109 பின்தொடைத் தசை தொடங்கும் இடமான உட்காரும் எலும்பில் இருந்தன. அதனால் ஒரு விதியை எல்லா உடற்கல்வி ஆசிரியர்களும் மனதில் வைத்திருக்க வேண்டும். ஓட்டத்தின் நடுவே 'டக்' என்று சத்தம் கேட்டதாகப் பிள்ளை சொன்னால், புட்டத்தின் அடியில் உட்காரும் இடத்திலோ இடுப்பின் முன் எலும்பு முனையிலோ வலி இருந்தால், காலை ஊன்றி நடக்க முடியாவிட்டால், அது சுளுக்கு என்று வைத்துக்கொண்டு உருவக் கூடாது. எக்ஸ்ரே எடுக்காமல் அதைத் தசைப் பிடிப்பு என்று முடிவு செய்வது அந்தப் பிள்ளையின் இடுப்போடு விளையாடுவது. ஒரே இடத்தில் மூன்றாவது தடவை பிடிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இதே விதிதான்.

பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் ஏறத்தாழ 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். எலும்பு முதலில் நீள்கிறது. தசையின் பலமும் உடலின் ஒத்திசைவும் பின்னால் வந்து சேர்கின்றன. நேற்று வரை சரியாக ஓடிய பிள்ளை திடீரென்று தடுமாறுவதும் முழங்காலின் கீழும் குதிகாலிலும் வலி சொல்வதும் இந்த மாதங்களில்தான். தோட்டப் பிள்ளைகளில் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் விலகும். 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம்; தோட்டத்துறையில் 31.7 சதவீதம். அன்று அந்தக் கணக்கில் இருந்த பிள்ளைகளே இன்று 14, 16 வயதுப் பிரிவுகளில் ஓடுகிறார்கள். சிறுவயதில் ஊட்டம் குறைந்த பிள்ளைக்கு வளர்ச்சி வேகம் பிந்தி வருவது வழக்கம். ஆகவே பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பயிற்சியின் அளவைத் தீர்மானிக்க முடியாது. சுவரில் கோடு போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து எழுதி வைத்தால் போதும். உயரம் சட்டென்று ஏறுகிற பருவத்தில் பாய்தலையும் முழு வேக ஓட்டத்தையும் குறைத்து, நுட்பத்துக்கும் சமநிலைக்கும் நேரம் கொடுக்கலாம்.

காயம் பட்ட முதல் இரண்டு நாளில் நடக்கிற பிழைகளுக்குத்தான் அடுத்த இரண்டு மாதம் விலை கொடுக்கிறோம். அழுத்தி உருவுவது, சூடு வைப்பது, இழுத்து நீட்டிவிடுவது மூன்றும் உள்ளே கசிந்துகொண்டிருக்கும் இரத்தத்தைக் கூட்டும். அடிபட்ட முன்தொடையைத் திரும்பத் திரும்ப உருவினால் தசைக்குள் எலும்பு படிந்து இறுகும் நிலைகூட வரலாம். சுளுக்கு எடுப்பவரையோ நாட்டு வைத்தியரான வெதமாத்தயாவையோ நான் இழித்துப் பேசவில்லை. தோட்டத்தில் இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர்கள் அவர்கள்தான். முதல் மூன்று நாளுக்கு அவர்களும் கையை எடுத்துவிட வேண்டும் என்பதே வேண்டுகோள். கிரேப் பண்டேஜை இறுக்கம் அதிகமில்லாமல் சுற்றி, காலை உயர்த்தி வைத்து, வலி தணியப் பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்ந்த துணி வைத்தால் போதும். ஐஸ் கிடைக்காவிட்டால் பீலித் தண்ணீரின் குளிர்ச்சியே நம் ஊரில் தாராளம். வலிக்குப் பரசிட்டமோல் கொடுக்கலாம். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது வலி என்ற எச்சரிக்கையை அடைத்துவிடுகிறது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டைக்ளோபெனாக், இபுபுரூபன் பக்கமே போகக் கூடாது. டெங்கு உள்ள நாட்டில் இரத்தப்போக்கு ஆபத்து பெரிது.

இதற்கு மாறான பிழையும் உண்டு: மூன்று வாரம் கட்டிலில் போட்டுவிடுவது. டென்மார்க்கில் தொடை, கெண்டைக்கால் தசை கிழிந்த 50 அமெச்சூர் வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் காயத்தின் இரண்டாம் நாளிலும் மற்றப் பகுதிக்கு ஒன்பதாம் நாளிலும் பயிற்சியைத் தொடங்கினார்கள். முந்தித் தொடங்கியவர்கள் சராசரி 62.5 நாளில் திரும்பினார்கள். பிந்தியவர்களுக்கு 83 நாள் ஆனது. ஒரு வாரத் தாமதம் மூன்று வாரமாக வளர்ந்தது. வலி கூடாத எல்லைக்குள் இரண்டாம் நாளிலிருந்தே அசைவு தொடங்க வேண்டும் என்பது இதன் பொருள்.

எந்தப் பயிற்சி என்பதும் சிறிய விஷயம் இல்லை. நம் மைதானங்களில் பின்தொடை பிடித்தால் உடனே காலை ஏதாவது ஒன்றின் மேல் தூக்கி வைத்து நீட்டிவிடுவதையே வைத்தியமாகக் கருதுகிறோம். அமெரிக்காவில் 2004இல் வெளியான சிறு ஆய்வொன்று அதை நேராகச் சோதித்தது. நீட்டல், தனித் தசைப் பலப்பயிற்சி என்று போனவர்களில் ஓராண்டுக்குள் 70 சதவீதத்தினருக்குக் காயம் திரும்பியது. பக்கவாட்டு அசைவு, வயிறு-இடுப்புக் கட்டுப்பாடு என்று படிப்படியாகப் போனவர்களில் அது 8 சதவீதத்துக்கும் குறைவு. சுவீடனில் கார்ல் அஸ்க்லிங் 75 உதைபந்தாட்ட வீரர்களிடம் நடத்திய ஆய்வு இன்னொரு பாதியைக் காட்டியது. தசையை நீண்ட நிலையில் வேலை செய்ய வைத்த பயிற்சியில் இருந்தவர்கள் சராசரி 28 நாளில் திரும்பினார்கள்; வழக்கமான பயிற்சியில் இருந்தவர்களுக்கு 51 நாள். தசை எந்த நிலையில் கிழிந்ததோ அந்த நிலையில் அதற்குப் பலம் ஊட்டாமல் காயம் முடியாது.

கபடி ஆடும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எதிரணியைத் தொடக் காலை எட்டி நீட்டும்போது வரும் பின்தொடைக் காயம் ஓட்டக் காயத்திலிருந்து வேறுபட்டது. முதல் நாள் அவ்வளவாக வலிக்காது. ஆனால் புட்டத்துக்குப் பக்கத்தில் தசைநாணில் பட்டிருப்பதால் ஆறுவதற்கு மிக நீண்ட காலம் எடுக்கும். அஸ்க்லிங் பின்தொடர்ந்தவர்களில், பழைய நிலைக்குத் திரும்ப ஓட்டத்தில் காயப்பட்டவர்களுக்கு நடுத்தரமாக 16 வாரமும், காலை நீட்டியபோது காயப்பட்ட நடனக் கலைஞர்களுக்கு 50 வாரமும் ஆயிற்று. முதல் நாள் வலியை வைத்துக் காயத்தை அளக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் ஒரு தோட்டப் பாடசாலையில் எப்படிச் செய்வது? ஏணியில் ஏறுவதுபோல் ஒவ்வொரு படியையும் வலியில்லாமல் முடித்த பிறகே அடுத்த படி என்ற ஒழுங்குதான் உயிர். நொண்டாமல் நடப்பது முதல் படி. பிறகு மெதுவான ஓட்டம். மல்லாந்து படுத்து, குதிகாலை ஒரு பெட்டியின் மேல் வைத்து, ஒற்றைக் காலால் இடுப்பைத் தூக்கும் பயிற்சியில் காயப்பட்ட கால் நல்ல காலுக்குச் சமமான தடவைகளை எட்ட வேண்டும். அதன் பிறகு பாதி வேகம், முக்கால் வேகம். இங்கே நம் மலை கைகொடுக்கிறது. ஏற்றத்தில் ஓடும்போது வேகம் தானாகக் குறைகிறது. பின்தொடை அதிகம் நீளாமல் உழைக்கிறது. சமதரையில் முழு வேகம் எடுப்பதற்கு முந்திய படியாக லயத்துக்கு மேலே ஏறும் ரோட்டையே பயன்படுத்தலாம். இறக்கத்தில் வேகமாக ஓடுவதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். ஓட்டத்தைத் தடுத்துப் பிடிக்கும் சுமை அங்கே பெரிது. முழு வேக ஓட்டத்தை வெவ்வேறு நாட்களில் பல தடவை பயமில்லாமல் ஓடி முடித்த பிறகே பயிற்சி, அதற்கும் பிறகே போட்டி. அந்தப் பயத்தைக் கேட்டறிய வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை நேராக வைத்துக் காலை வேகமாக உயர்த்தச் சொல்லும்போது பிள்ளை தயங்கினால், கால் இன்னும் தயாரில்லை.

வராமல் தடுப்பதற்குச் செலவே இல்லை. முழங்காலில் நின்று, ஒரு தோழன் கணுக்கால்களை அமுக்கிப் பிடிக்க, உடலை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னே சாய்ந்து விழும் 'நோர்டிக்' பயிற்சிக்குப் புல்தரை போதும். 2011இல் டென்மார்க்கில் 942 வீரர்களிடம் பத்து வாரத் திட்டமாக இதைச் சோதித்தபோது, புதிய பின்தொடைக் காயம் பாதிக்கு மேல் குறைந்தது. ஏற்கனவே காயப்பட்டவர்களுக்குத் திரும்ப வருவது 85 சதவீதம் வரை குறைந்தது. முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்து தடவை வீதம் இரண்டு சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், ஆறு தடவை வீதம் இரண்டு சுற்று. பிறகு படிப்படியாக வாரம் மூன்று நாள், மூன்று சுற்று வரை ஏறி, பத்து வாரம் முடிந்ததும் வாரம் ஒரு நாள். தொடக்கத்தில் தசை நோவு வரும் என்பதால் அவசரப்படக் கூடாது. இதற்குச் சிறந்த காலம் எதுவென்றால், ஓட முடியாத அந்த மழை மாதங்கள்தான். வகுப்பறை மேசைகளை ஒதுக்கினால் இடம் கிடைக்கும். மழையில் பிள்ளைகள் சும்மா இருந்துவிட்டுத் தையில் திடீரென்று பாய்வதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

போட்டிக்கு முன் உடலைச் சூடாக்குவதும் பண்டாரவளை, அப்புத்தளைக் காலைக் குளிரில் வெறும் சடங்காகிவிடக் கூடாது. ஃபிஃபாவின் '11+' என்ற 20 நிமிடத் திட்டத்தை நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகள் 1,892 பேரிடம் சோதித்தார்கள். கடும் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஓட்டம், ஒற்றைக் கால் சமநிலை, குந்தி எழுதல், நோர்டிக், பாய்ந்து இறங்குதல் எல்லாம் அதில் அடங்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, வருடம் முழுவதும் செய்தால்தான் பலன். போட்டி நாளன்று மட்டும் செய்வதில் பலனில்லை.

உணவையும் தூக்கத்தையும் தசையிலிருந்து பிரிக்க முடியாது. காலையில் ரொட்டியும் பிளேன்டீயும் எடுத்துக்கொண்டு பாடசாலைக்கு ஏறி இறங்கி வந்து, மாலையில் பயிற்சி செய்யும் பிள்ளையின் தசை எதைக் கொண்டு தன்னைச் சரிசெய்யும்? சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுப்பதைக் குறைக்கிறது. தேயிலை பறிக்கும் வீட்டில் தேநீரை நிறுத்தச் சொல்வது கொடுமை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடச் சொல்லலாம். கௌபி, பருப்பு, நெத்தலி, முட்டை, கீரை, அதோடு ஒரு கொய்யாவோ தேசிக்காயோ என்பது எட்டக்கூடிய பட்டியல். பெண்பிள்ளைக்கு மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால், அது உழைப்புக்கேற்ற உணவு இல்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். வைத்தியரிடம் போக வேண்டும். அம்மாவோ ஆசிரியையோ கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி அது. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் வளரிளம் வீரர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வொன்று 2014இல் காட்டியது. தேசிய மட்டத்துக்குத் தெரிவான நம் பிள்ளைகள் பதுளையிலிருந்து பல மணி நேரம் பயணம் செய்து கொழும்புக்குப் போகிறார்கள். முன்பின் பழகாத வெக்கையில், புல்தரையே பழகிய காலோடு சுகததாச அரங்கின் செயற்கை ஓடுபாதையில் மறுநாளே இறங்குகிறார்கள். ஒரு நாள் முந்திக் கூட்டிப் போவது ஆடம்பரம் இல்லை.

பிள்ளைகள் காயத்தை ஏன் மறைக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. தேசிய மட்டச் சான்றிதழ் ஒன்று இருந்தால் இராணுவத்திலோ பொலிஸிலோ விளையாட்டு வழியாகச் சேரலாம். பல்கலைக்கழக விசேட அனுமதிக்கும் அது உதவும். லயத்திலிருந்து வெளியேற இருக்கும் சில கதவுகளில் ஒன்று அது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் "இந்த வருடம் ஓடாதே" என்று சொல்வதற்கு முன் அடுத்த வருடமும் அந்தக் கதவு திறந்திருக்கும் என்று உறுதி சொல்ல யாராவது வேண்டும். அம்மா ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டால்தான் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியும். அதனால்தான் தோட்ட டிஸ்பென்சரியோடு விஷயம் நின்றுவிடுகிறது. இயன்மருத்துவரிடம் ஒருமுறை போய் வந்தாலும், அவர் சொன்ன பயிற்சியை வீட்டில் யாரும் பார்த்துக்கொள்வதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் பாடசாலை உடற்கல்வி ஆசிரியர்தான். அவருக்குத் தேவையானது ஒரு சாதாரணக் கொப்பி. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பக்கம்: மூன்று மாத உயரம், எந்த நாள் எந்தத் தசை பிடித்தது, ஏணியில் எந்தப் படி, முழு வேகம் எந்த நாள் திரும்பியது. பிள்ளை பாடசாலை மாறினால் அந்தப் பக்கமும் கூடப் போக வேண்டும். அடுத்த தசைக் காயத்தை முன்கூட்டிச் சொல்வதில் பழைய காயத்தைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் எங்கும் எழுதுவதில்லை. வலயக் கல்விக் காரியாலயங்கள் இந்தக் கொப்பியைக் கட்டாயமாக்கலாம். ஒரு பிள்ளை ஒரே நாளில் எத்தனை நிகழ்ச்சியில் இறங்கலாம் என்பதற்கு எல்லை வைத்து, அதை இல்லப் போட்டியிலும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் செய்யலாம். அதிபர்கள் ஆசிரியரின் முடிவுக்கு மேல் இன்னொரு முடிவு எடுக்காமல் இருக்கலாம்.

அடுத்த வலய மட்டப் போட்டிக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பமிடுவதற்கு முன், இந்த ஆண்டு பின்தொடை பிடித்த பிள்ளைகளைத் தனியாக அழைத்து, அவர்கள் முழு வேகத்தில் ஓடுவதை உங்கள் கண்ணால் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால் அந்தப் பெயரை இம்முறை எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு முதல் வரியில் எழுதுவதாக அந்தப் பிள்ளைக்கும் அதன் அம்மாவுக்கும் நேரில் சொல்லுங்கள்.